மத்திய பட்ஜெட்டில் நலத்திட்டப் பணத்தைத் தேடிப் பிடிப்பது எப்படி?

பிப்ரவரி 1, காலை 11 மணி. நிதி அமைச்சர் மக்களவையில் பட்ஜெட் உரையை ஆரம்பிக்கிறார். மதியத்துக்குள் தொலைக்காட்சிகள் வருமான வரி வரம்பில் போய் நின்றுவிடும். ரேஷன் அரிசிக்கு எவ்வளவு, முதியோர் ஓய்வூதியத்துக்கு எவ்வளவு, பள்ளிச் சாப்பாட்டுக்கு எவ்வளவு என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் இருக்காது. உரையிலும் பாதிக்கு மேல் வராது. அதெல்லாம் உரையோடு சேர்த்து வைக்கப்படும் அட்டவணைகளில் இருக்கிறது. அந்த அட்டவணைகளை இதுவரை திறந்தே பார்க்காதவர்களுக்காக இதை எழுதுகிறேன். பொருளாதாரம் படித்திருக்க வேண்டியதில்லை. வகுத்தல், சதவீதம் தெரிந்தால் போதும். உதாரணத்துக்கு 2025-26 பட்ஜெட்டை எடுத்துக்கொள்கிறேன். மற்ற ஆண்டுகளுக்கும் ஏறக்குறைய இதே அமைப்புதான்.

முதலில் எந்தக் காகிதம்?

நிதி அமைச்சகத்தின் பட்ஜெட் தளத்துக்குப் போங்கள். தேடிப் பிடிக்கும்போது முகவரி அரசுத் தளங்களுக்குரிய ‘ஜிஓவி டாட் இன்’ என்று முடிகிறதா என்று ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். அங்கே ஒரு டஜனுக்கு மேல் ஆவணங்கள் கிடக்கும், எல்லாம் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான். பயப்பட வேண்டாம், நமக்கு மூன்று போதும்.

ஒன்று, ‘பட்ஜெட் அட் எ கிளான்ஸ்’. சில பக்கங்களில் மொத்தக் கணக்கையும் சொல்லிவிடும். இரண்டாவது, ‘எக்ஸ்பெண்டிச்சர் பட்ஜெட்’. ஒவ்வொரு அமைச்சகமும் துறையும் எந்தத் திட்டத்துக்கு எவ்வளவு கேட்கிறது என்பது இதில் வரிசையாக இருக்கும். மூன்றாவது, ‘எக்ஸ்பெண்டிச்சர் புரொஃபைல்’. மானியங்கள், மாநிலங்களுக்குப் போகும் பணம், பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கான ஒதுக்கீடு ஆகியவற்றை இது தனித்தனி அறிக்கையாகத் திரட்டித் தருகிறது. உரையை வேண்டுமானால் கடைசியில் படியுங்கள். முதலில் உரையைப் படித்தால் அதில் பெயர் வந்த திட்டங்களை மட்டுமே தேடுவீர்கள், பெயர் வராதது கண்ணிலேயே படாது.

தொகைகள் எல்லாம் கோடி ரூபாயில் அச்சாகியிருக்கும். அட்டவணையில் 9,652 என்று இருந்தால் 9,652 கோடி. 12,76,338 என்று இருந்தால் 12.76 லட்சம் கோடி. புதிதாகப் பார்ப்பவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

மொத்தத்தைப் பிடியுங்கள்

2025-26-ல் மத்திய அரசின் மொத்தச் செலவு மதிப்பீடு 50,65,345 கோடி ரூபாய். இந்த எண்ணை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இனி பார்க்கும் எந்த ஒதுக்கீட்டையும் இதால் வகுத்தால்தான் அது பெரிய தொகையா சின்னத் தொகையா என்று தெரியும். ‘இரண்டு லட்சம் கோடி’ என்று கேட்கும்போது மலைப்பாக இருக்கும். உணவு மானியம் 2,03,420 கோடி. வகுத்துப் பாருங்கள், மொத்தச் செலவில் 4 சதவீதம். சுகாதார அமைச்சகத்துக்கு ஏறக்குறைய 99,859 கோடி, அதாவது 2 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு. கல்வி அமைச்சகத்துக்கு 1,28,650 கோடி, இரண்டரை சதவீதம். பாதுகாப்பு அமைச்சகத்துக்கு 6,81,210 கோடி, 13 சதவீதத்துக்கு மேல்.

வட்டி எவ்வளவு என்று பார்த்தீர்களானால் 12,76,338 கோடி. மொத்தச் செலவில் கால்வாசி, பழைய கடனுக்கு வட்டியாகப் போகிறது. இதற்கு நாடாளுமன்றத்தில் ஓட்டெடுப்பும் கிடையாது. கட்டியே தீர வேண்டிய செலவு. நலத்திட்டங்களுக்கு ‘ஏன் இவ்வளவுதான்’ என்று கேட்கும்போது இந்த எண்ணையும் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இங்கே ஒரு குழி இருக்கிறது. ‘ஒரு ரூபாய் எப்படிப் போகிறது’ என்று வட்டப்படம் ஒன்று போடுவார்கள், மறுநாள் எல்லாப் பத்திரிகையிலும் அதுதான். அதில் வட்டிக்கு 20 காசு என்று இருக்கும். நாம் போட்ட கணக்கில் 25 காசு வந்ததே? இரண்டும் சரிதான். அந்தப் படத்தில் மாநிலங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் வரிப்பங்கையும் செலவாகச் சேர்த்துக்கொள்கிறார்கள். 2025-26-ல் அது 14.22 லட்சம் கோடி, படத்தில் 22 காசு. மொத்தம் பெருத்துவிடுவதால் மற்ற பங்கெல்லாம் இளைத்துத் தெரியும். ஆகவே ஒரே கட்டுரையில் ஒரு சதவீதத்தை வட்டப்படத்திலிருந்தும் இன்னொன்றை அட்டவணையிலிருந்தும் எடுக்காதீர்கள். இப்படிக் கலக்காத விவாத நிகழ்ச்சியைக் காண்பதே அரிது.

தேர்தல் ஆண்டு என்றால் இன்னொரு கவனம் வேண்டும். 2024-ல் பிப்ரவரி 1 அன்று இடைக்கால பட்ஜெட், ஜூலை 23 அன்று முழு பட்ஜெட். முதலாவதில் மொத்தச் செலவு 47.66 லட்சம் கோடி, இரண்டாவதில் 48.21 லட்சம் கோடி. எதை எடுத்தாலும் எது என்று குறித்துவையுங்கள்.

நான்கு நெடுவரிசைகள்: முழு விஷயமும் இங்கேதான்

எக்ஸ்பெண்டிச்சர் பட்ஜெட்டில் எந்தத் திட்டத்தை எடுத்தாலும் எதிரே நான்கு எண்கள் இருக்கும். 2025-26 ஆவணத்தில் அவை இப்படி வரும்: 2023-24-ன் உண்மைச் செலவு, 2024-25-க்கு முதலில் போட்ட மதிப்பீடு, அதே 2024-25-க்கு ஆண்டின் பிற்பகுதியில் போட்ட திருத்திய மதிப்பீடு, கடைசியாக 2025-26-க்கான புது மதிப்பீடு. அறிவிப்பு, செய்தி, பாராட்டு, கண்டனம் எல்லாம் நான்காவது எண்ணைச் சுற்றித்தான் நடக்கும். எனக்கு மூன்றாவது எண்தான் முக்கியம். அரசு எதை விட்டுக்கொடுக்கத் தயாராக இருந்தது, எதைக் கைவிடவில்லை என்பது அதில்தான் தெரியவரும்.

ஜல் ஜீவன் திட்டத்தையே பாருங்கள், வீட்டுக்கு வீடு குழாய்த் தண்ணீர். 2024-25-க்கு முதலில் ஒதுக்கியது 70,163 கோடி. திருத்திய மதிப்பீடு 22,694 கோடி. மூன்றில் ஒரு பங்கு கூட இல்லை. 2025-26-க்கு மறுபடி 67,000 கோடி, கூடவே திட்டத்தின் கெடு 2028 வரை நீட்டிப்பு. இப்போது இதை எப்படிச் செய்தியாக்கலாம்? திருத்திய மதிப்பீட்டோடு ஒப்பிட்டால் ‘ஒதுக்கீடு ஏறக்குறைய மூன்று மடங்கு உயர்வு’. முதல் மதிப்பீட்டோடு ஒப்பிட்டால் ‘4.5 சதவீதம் குறைப்பு’. இரண்டுக்கும் ஆதாரம் அதே வரிசைதான். படிக்கிறவர் கேட்க வேண்டிய கேள்வி வேறு: போன வருடம் 47,000 கோடிக்கு மேல் ஏன் செலவாகவில்லை, அந்தக் காரணம் இந்த வருடம் சரியாகிவிட்டதா?

நேர்மாறான உதாரணமும் உண்டு, நூறு நாள் வேலைத்திட்டம். வேலை கேட்டு 15 நாளுக்குள் தர வேண்டும், இல்லாவிட்டால் வேலையில்லாப் படி தர வேண்டும் என்பது 2005-ம் ஆண்டுச் சட்டம் வைத்திருந்த விதி (2025 டிசம்பரில் அதற்குப் பதிலாகப் புதுச் சட்டம் நிறைவேறியது). ஆகவே அந்தச் சட்டத்தின் கீழ் பட்ஜெட்டில் போட்ட தொகை ஒரு ஊகம்தான். மக்கள் வேலை கேட்கக் கேட்கச் செலவு ஏறியது. 2020-21-க்கு முதலில் 61,500 கோடி போட்டார்கள். ஊரடங்கு வந்தது, நகரத்திலிருந்து ஊர் திரும்பியவர்கள் மண்வெட்டியைத் தூக்கினார்கள், திருத்திய மதிப்பீடு 1,11,500 கோடிக்குப் போய்விட்டது. சரி, அது பெருந்தொற்று ஆண்டு. 2023 பிப்ரவரியில் என்ன நடந்தது? அதற்கு முந்தைய ஆண்டின் திருத்திய மதிப்பீடு 89,400 கோடியாக இருக்கும்போது, 2023-24-க்கு 60,000 கோடி மட்டும் ஒதுக்கினார்கள். ஆண்டு முடிவதற்குள் அதைத் திருத்தி 86,000 ஆக்க வேண்டியிருந்தது. ‘கடைசியில் கொடுத்துவிட்டார்களே’ என்று சொல்லலாம். ஆனால் முதலில் குறைத்துப் போட்டால், கூடுதல் பணத்துக்கு நாடாளுமன்றம் ஒப்புதல் தரும் வரை கூலி பாக்கி விழும் அபாயம் உண்டு. தினக்கூலிக்காரருக்கு இரண்டு மாதத் தாமதம் என்றால் மளிகைக் கடையில் கடன் என்று அர்த்தம்.

ஆக, ஒரு திட்டத்தின் பெயரைக் கேட்டவுடனே நான்கு எண்ணையும் எழுதிக்கொள்ளுங்கள். ஒரே ஒரு எண்ணை மட்டும் சொல்லி முடித்துவிடும் செய்தியைப் பாதி நம்புங்கள்.

திட்டம் எந்த அமைச்சகத்தில் ஒளிந்திருக்கிறது?

‘நலத்துறை’ என்று ஒரே பெட்டி கிடையாது. ரேஷன் அரிசி உணவு மற்றும் பொது விநியோகத் துறையில். முதியோர், விதவையர், மாற்றுத்திறனாளிகள் ஓய்வூதியம் ஊரக வளர்ச்சித் துறையில், தேசிய சமூக உதவித் திட்டம் என்ற பெயரில். பள்ளி மதிய உணவு கல்வி அமைச்சகத்தில். அங்கன்வாடி, பெண்கள் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகத்தில். உர மானியம் ரசாயனம் மற்றும் உர அமைச்சகத்தில். விவசாயிகளுக்கு ஆண்டுக்கு 6,000 ரூபாய் தரும் பிஎம் கிசான் வேளாண் அமைச்சகத்தில். 2025-26-ல் அதற்கு 63,500 கோடி.

பெயர்களும் மாறிக்கொண்டே இருக்கும். மதிய உணவுத் திட்டம் 2021-ல் பிஎம் போஷன் ஆனது. அங்கன்வாடித் திட்டமும் ஊட்டச்சத்துத் திட்டமும் வேறு சிலவும் சேர்ந்து ‘சக்‌ஷம் அங்கன்வாடி, போஷன் 2.0’ ஆகிவிட்டன. பழைய ஆண்டோடு ஒப்பிடப் போனால் பழைய பெயரில் பூஜ்யமும் புதுப் பெயரில் பெரிய தொகையும் இருக்கும். அதைப் பார்த்து புதுத் திட்டம் வந்துவிட்டது என்று நினைத்துக்கொள்ளக் கூடாது. எந்தெந்தத் துண்டுகள் சேர்ந்தன என்று அட்டவணையின் அடிக்குறிப்பில் இருக்கும், அதைக் கூட்டிப் பாருங்கள்.

ஏறிய எண் எல்லாம் கூடுதல் அக்கறை ஆகாது

2020-21-ல் உணவு மானியத்துக்கு முதலில் போட்டது 1,15,570 கோடி. ஆண்டு முடிந்ததும் உண்மைச் செலவு 5,41,330 கோடி! ஒரே வருடத்தில் இவ்வளவா? பெருந்தொற்றுக் காலத்தில் இலவச தானியம் கொடுத்தது ஒரு காரணம், அது உண்மைதான். ஆனால் பெரும் பகுதி பழைய பாக்கி. அதற்கு முந்தைய ஆண்டுகளில் இந்திய உணவுக் கழகத்துக்கு அரசு தர வேண்டிய மானியத்தை முழுதாகத் தரவில்லை. கழகம் தேசிய சிறுசேமிப்பு நிதியத்திடம் கடன் வாங்கி நெல்லும் கோதுமையும் கொள்முதல் செய்துகொண்டிருந்தது. அந்தக் கடன் பட்ஜெட் கணக்கில் வரவில்லை, அதனால் பற்றாக்குறையும் குறைவாகத் தெரிந்தது. 2020-21-ல் அதை அடைத்துக் கணக்குக்குள் கொண்டுவந்தார்கள். முந்தைய ஆண்டுகளின் உணவு மானியம் குறைந்தாற்போல் இருந்ததும் நிஜமில்லை, அந்த ஆண்டு நாலு மடங்குக்கு மேல் பெருத்ததும் முழுக்க நிஜமில்லை. நேர்மையாகக் கணக்குக் காட்டியது நல்ல காரியம் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

உர மானியத்தில் கதை வேறு. யூரியா 45 கிலோ மூட்டை விவசாயிக்கு 242 ரூபாய், வேம்புப் பூச்சுச் செலவும் வரியும் தனி. அந்த விலை அசையாது. யூரியா செய்ய வேண்டிய எரிவாயுவின் விலை உலகச் சந்தையில் ஏறினால் வித்தியாசம் முழுவதும் அரசு தலையில். உக்ரைன் போர் மூண்ட பிறகு 2022-23-ல் அதுதான் நடந்தது: மதிப்பீடு 1,05,222 கோடி, உண்மைச் செலவு இரண்டரை லட்சம் கோடி. இதில் எந்த விவசாயிக்கும் ஒரு மூட்டை கூடுதலாகக் கிடைத்துவிடவில்லை. மானியம் ஏறியது என்று தலைப்பைப் பார்த்தால் முதலில் விலையா, அளவா, பழைய பாக்கியா என்று பிரித்துப் பாருங்கள். பட்ஜெட் எண்களில் நான் அதிகம் மதிக்கும் கேள்வி இதுதான்.

அசையாத எண்ணையும் படிக்க வேண்டும்

ஏறியதும் இறங்கியதும் கண்ணில் படும். அப்படியே கிடப்பது படாது. தேசிய சமூக உதவித் திட்டத்துக்கு 2024-25-ல் 9,652 கோடி, 2025-26-லும் 9,652 கோடி. யாரும் வெட்டவில்லை, எனவே செய்தியும் இல்லை.

இதை ஆள் கணக்குக்கு மாற்றுங்கள். பயனாளிகள் சுமார் 3 கோடிப் பேர். 9,652-ஐ மூன்றால் வகுத்தால் ஆளுக்கு ஆண்டுக்கு 3,200 ரூபாய் சொச்சம், மாதத்துக்கு 270 ரூபாய். 60 முதல் 79 வயது வரை உள்ளவர்களுக்கு மத்திய அரசின் பங்கு மாதம் 200 ரூபாய். அது 2007-லிருந்து அதே 200. விலைவாசி இதற்கிடையே மூன்று மடங்கை ஒட்டி ஏறியிருக்கிறது. 80 வயதைத் தாண்டினால் 500. தமிழ்நாட்டில் முதியோர் உதவித்தொகை 2023 ஆகஸ்டிலிருந்து 1,200 ரூபாய். மத்தியத் திட்டத்தில் உள்ள ஒரு 65 வயதுப் பாட்டியின் கணக்கில் விழும் அந்த 1,200-ல் 200 டெல்லிப் பணம், 1,000 மாநிலப் பணம்.

இந்த ஆள் கணக்கு எல்லாத் திட்டத்துக்கும் உதவும். உணவு மானியம் 2,03,420 கோடியை, உணவுப் பாதுகாப்புச் சட்டம் கணக்கில் எடுக்கும் 81 கோடிப் பேரால் வகுத்தால் ஒருவருக்கு மாதம் 210 ரூபாய் அளவில் வருகிறது. லட்சம் கோடியில் தலை சுற்றுகிறவர்கள் கூட 210 ரூபாயைப் பற்றித் தெளிவாகப் பேசுவார்கள்.

மாநிலக் கை எங்கே இருக்கிறது?

மருத்துவமனையும் காவல் துறையும் மாநிலப் பொறுப்பு, பள்ளி மத்திய, மாநில அரசுகள் இரண்டுக்கும் பொது. சுகாதாரத்துக்கும் பள்ளிக்கும் நடக்கும் அரசுச் செலவில் பெரும் பங்கு மாநில பட்ஜெட்டுகளில்தான் இருக்கிறது. மத்திய பட்ஜெட்டில் சுகாதாரத்துக்கு 2 சதவீதம் என்பதை வைத்து நாடே 2 சதவீதம்தான் செலவிடுகிறது என்று எழுதினால் தவறு.

மத்திய நிதியுதவித் திட்டங்கள் என்று ஒரு வகை உண்டு. மத்திய அரசு 60, மாநிலம் 40 என்பது அதில் பொதுவான விகிதம். வடகிழக்கு, இமயமலை மாநிலங்களுக்கு 90-க்கு 10. மதிய உணவு, அங்கன்வாடி எல்லாம் இதில்தான் வரும். பட்ஜெட்டில் தெரிவது மத்தியப் பங்கு மட்டும். டெல்லியில் தொகை ஏறினால் சென்னையிலும் 40 பங்கு எடுத்து வைத்தாக வேண்டும். எக்ஸ்பெண்டிச்சர் புரொஃபைலில் 4ஏ எண் அறிக்கையைப் பாருங்கள். இந்த வகைத் திட்டங்கள் அத்தனையும் ஒரே இடத்தில் கிடைக்கும்.

இதோடு சேர்ந்தது செஸ், அதாவது ஒரு குறிப்பிட்ட காரியத்துக்கென்று வரியின் மேல் போடும் கூடுதல் வரி. வருமான வரியின் மேல் 4 சதவீதம் சுகாதார, கல்வி செஸ் கட்டுகிறோம் அல்லவா, அதில் மாநிலங்களுக்குப் பங்கு கிடையாது.

பெண்களுக்கு, குழந்தைகளுக்கு என்று சொல்லும் அறிக்கைகள்

எக்ஸ்பெண்டிச்சர் புரொஃபைலில் பட்டியல் சாதியினருக்கு 10ஏ எண் அறிக்கை, பழங்குடியினருக்கு 10பி, குழந்தைகளுக்கு 12, பெண்களுக்கு 13. இவை தனிப் பணம் அல்ல. ஏற்கெனவே ஒவ்வொரு அமைச்சகத்திலும் உள்ள திட்டங்களிலிருந்து ‘இதில் இவ்வளவு அவர்களுக்கு’ என்று எடுத்துக் காட்டும் பட்டியல்.

பெண்களுக்கான அறிக்கை 2005-06-ல் தொடங்கியது. முழுக்கப் பெண்களுக்கானவை முதல் பகுதியில், 30 சதவீதமாவது அவர்களுக்குப் போவது இரண்டாவதில், அதற்கும் குறைவானது மூன்றாவதில். 2025-26-ல் கூட்டுத்தொகை 4.49 லட்சம் கோடி, மொத்தச் செலவில் 8.86 சதவீதம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. முதல் பகுதியைத் திறந்து பார்த்தால் ஊரக வீட்டு வசதித் திட்டத்தை அதில் சேர்த்திருப்பது தெரியும். வீட்டுப் பத்திரத்தில் பெண் பெயர் இருப்பது நல்லதுதான், ஆனால் வீட்டில் குடியிருப்பது குடும்பம் முழுவதும். ஒரு பெரிய திட்டத்தைப் புதிதாகப் பட்டியலில் சேர்த்தாலே சதவீதம் ஏறிவிடும் என்பதால், கூட்டுத்தொகையை விட்டுவிட்டு உள்ளே இருக்கும் வரிசைகளை ஆண்டுக்கு ஆண்டு ஒப்பிடுங்கள்.

பட்ஜெட் நாளுக்கு அப்புறம்

உரை முடிந்ததும் நாடாளுமன்றம் இடைவேளை விடும். அந்த வாரங்களில் எம்.பி.க்கள் கொண்ட துறைவாரி நிலைக்குழுக்கள் மானியக் கோரிக்கைகளை அலசும். ஒவ்வொரு அமைச்சகமும் தன் செலவுக்கு நாடாளுமன்றத்திடம் கேட்கும் தொகைக்கு அந்தப் பெயர், உணவு மானியம் போன்ற மானியம் அல்ல. அவற்றின் அறிக்கைகளைத்தான் நான் முதலில் சிபாரிசு செய்வேன். எவ்வளவு கேட்டார்கள், நிதி அமைச்சகம் எவ்வளவு கொடுத்தது, எவ்வளவு செலவழித்தார்கள், ஏன் மீதம் ஆனது என்று அதிகாரிகள் சொன்ன பதில்களோடு இருக்கும். அவையில் விவாதம் நடப்பது சில அமைச்சகங்களுக்குத்தான். மீதியைக் கடைசி நாளில் ‘கில்லட்டின்’ போட்டு ஒரே மூச்சில் நிறைவேற்றிவிடுவார்கள்.

நடுவில் கூடுதல் பணம் கேட்டுத் துணை மானியக் கோரிக்கைகள் வரும். மாதா மாதம் கணக்குத் தலைமைக் கட்டுப்பாட்டாளர் வரவு செலவை வெளியிடுவார். எந்த அமைச்சகம் எவ்வளவு செலவழித்திருக்கிறது என்று அதில் பார்க்கலாம். டிசம்பர் முடிந்தும் பாதி கூடத் தாண்டாத அமைச்சகம் என்றால், பிப்ரவரியில் அதன் திருத்திய மதிப்பீடு இறங்கப்போகிறது என்று இப்போதே எழுதிவைக்கலாம்.

ஒரு திட்டத்தை மட்டும் தேர்ந்தெடுத்துக்கொண்டு ஐந்து ஆண்டு ஆவணங்களிலிருந்து அதன் எண்களை எக்செல்லில் ஏற்றிப் பாருங்கள், ஒரு மாலைப்பொழுது போதும். 2025-26-ல் போட்ட தொகைகளுக்குத் திருத்திய மதிப்பீடு 2026 பிப்ரவரி பட்ஜெட்டில். உண்மையில் எவ்வளவு செலவானது என்பது 2027 பிப்ரவரி பட்ஜெட்டின் முதல் நெடுவரிசையில்.